அப்பா ஊழியத்துக்குப் போயிருக்கார்

மே மாதம் வந்துவிட்டால் கொடைக்கானலுக்கு இரண்டு வகைக் கூட்டம் வரும். ஏரியைச் சுற்றி சைக்கிள் மிதிக்கிற கூட்டம் ஒன்று. இன்னொன்று முகாம் கூட்டம். வாலிபர் முகாம், தம்பதியர் முகாம், ஊழியர் முகாம், உபவாச முகாம் என்று மதுரை, திருநெல்வேலி, சென்னையிலிருந்து பஸ் பஸ்ஸாக மலையேறி வருவார்கள். நானும் வருடா வருடம் ஏதாவது ஒன்றில் போய் உட்கார்ந்துவிடுவேன். உள்ளூர் என்பதால் கட்டணம் கேட்க மாட்டார்கள், சாப்பாடும் நன்றாக இருக்கும் :-)

இந்த வருடம் அப்படிப் போன இடத்தில் கேட்ட ஒரு சாட்சிதான் இதை எழுத வைத்தது. பேச்சாளர் பெயர் வேண்டாம். அவர் சொன்னது ஏறக்குறைய இப்படி: "எம் மூத்த பையன் பிறந்தப்போ நான் வடக்கே பணித்தளத்துல இருந்தேன். ஏழாவது மாசந்தான் வந்து பாத்தேன். யாருன்னே தெரியாம என்னைப் பாத்து வீல்னு கத்துனான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" கூட்டம் முழுக்க அல்லேலூயா. பின் வரிசையில் கைதட்டல் வேறு.

எதற்கு ஸ்தோத்திரம்? பையன் கத்தியதற்கா?

அவர் ஒருவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம் சபைகளில் ரொம்ப நாளாக ஓடும் ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டை எவ்வளவு மறந்தாயோ அவ்வளவு பெரிய ஊழியக்காரன். மனைவி பிரசவத்தில் கிடந்தபோது கன்வென்ஷனில் பேசினார், மகளுக்குக் காய்ச்சல் 104 இருந்தும் கூட்டத்தை விடவில்லை என்றெல்லாம் மேடையில் சொன்னால் அது "தியாகம்". அதே காரியத்தை வேறு எந்தத் தொழில் செய்பவர் செய்தாலும் நம் ஊரில் அதற்கு வைத்திருக்கும் பெயர் வேறு. இந்தக் கணக்கு தப்பு என்பது என் கட்சி. அதிலும் அதைக் கொடைக்கானலில் வைத்துச் சொல்வது பெரிய வேடிக்கை.

ஏன் வேடிக்கை? இந்த ஊர் எப்படி உண்டானது என்று பாருங்கள். அமெரிக்க மதுரை மிஷன் 1834-ல் மதுரையில் வேலை தொடங்கியது. முதல் பத்தாண்டுகளிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் அவர்களில் பலர் போய்ச் சேர்ந்தார்கள். மிஷனரிகளும் அவர்கள் வீட்டுக்காரர்களும் பிழைக்க ஓர் இடம் வேண்டும் என்று முதலில் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அதற்கப்புறம்தான் பழனி மலைக்கு ஏறினார்கள். 1845-ல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடுகள் எழுந்தன. கொடைக்கானல் என்று நாம் சொல்லும் ஊரின் தொடக்கம் அந்த இரண்டு வீடுகள்தான். பெரியகுளம் பக்கமிருந்து பெண்களையும் பிள்ளைகளையும் டோலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு, சாலை இல்லாத மலையில் ஏறினார்கள். (டோலி தூக்கியவர்களின் பெண்டாட்டி பிள்ளைகள் பிழைக்க யார் வீடு கட்டினார்கள் என்று கேட்டால் அது தனிக் கட்டுரை. இன்னொரு நாள்.) வீட்டு ஆட்கள் சாகக்கூடாது என்று ஊழியக்காரர்கள் கட்டிய ஊரில் உட்கார்ந்துகொண்டு, வீட்டை மறப்பதுதான் ஊழியம் என்று பிரசங்கம் செய்கிறோம்.

அந்த மிஷனரிகள் எல்லாம் குடும்பத்தைத் தாங்கிய உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களிடமும் ஒரு பழக்கம் இருந்தது. பிள்ளைக்கு ஆறேழு வயதானதும் கப்பலேற்றி அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ அனுப்பிவிடுவார்கள். படிப்புக்காக. அப்புறம் பல வருடம் கடிதம்தான் அம்மா, கடிதம்தான் அப்பா.

ஐடா ஸ்கடர் கதை தெரியாத தமிழ்க் கிறிஸ்தவர் இருக்க மாட்டார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் கதவைத் தட்டினார்கள், ஆண் டாக்டர் பிரசவம் பார்க்கக்கூடாது என்றார்கள், மூன்று பெண்களும் செத்துப்போனார்கள், அதனால்தான் ஐடா டாக்டர் ஆனார், வேலூர் ஆஸ்பத்திரி வந்தது. இதை ஒரு இருபது தடவையாவது பிரசங்கத்தில் கேட்டிருப்பேன். அதற்கு முந்தைய பாதியை ஒரு தடவைகூட கேட்டதில்லை. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த அந்தப் பெண்ணை அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத்தான் அப்பாவும் அம்மாவும் இந்தியாவுக்குத் திரும்பிப் போனார்கள். மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்பதுதான் இளம் வயதில் அவருடைய தீர்மானம். தலைமுறை தலைமுறையாக மிஷனரிகளைக் கொடுத்த குடும்பத்தின் பெண் அப்படித் தீர்மானிக்கிறாள் என்றால் சும்மாவா? 1890-ல் அவர் திண்டிவனம் வந்ததும் அழைப்பைக் கேட்டு அல்ல. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ள வந்தார். அந்த மூன்று கதவுத் தட்டல்களைக் கேட்க அவர் அங்கே இருந்ததற்குக் காரணமே அம்மாவைப் பார்க்க வந்ததுதான். இதை மட்டும் ஏன் மேடையில் விட்டுவிடுகிறார்கள்?

(ஐடா ஓய்வுபெற்றபின் வாழ்ந்ததும் 1960-ல் இறந்ததும் இதே கொடைக்கானலில்தான்.)

கொல்லிமலைக்குப் போனாலும் இதே கதை. ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் தம்பதியின் மகன் பால் 1914-ல் பிறந்தார். பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட் இவர்தான். 1923-ல், ஒன்பது வயதில், தங்கையோடு இங்கிலாந்தில் விடப்பட்டார். அப்பாவை அதற்கப்புறம் பார்க்கவே இல்லை. 1929-ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்த செய்தி தந்தியில் வந்துவிட்டது. ஆனால் அவர் சாவதற்கு முன் எழுதிய கடிதங்கள் கப்பலில் அல்லவா வந்துகொண்டிருந்தன... செத்துப்போன அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு அடுத்தடுத்து கடிதம். ஜெஸ்ஸி பிராண்ட் மலை மக்களுக்குச் செய்ததை நான் குறைக்கவில்லை, எனக்கு அந்தத் தகுதியும் இல்லை. அந்தக் கடிதங்களைப் பிரித்துப் படித்த பதினாலு வயதுப் பையன் "தியாகம்" செய்தானா, இல்லை அவனிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டதா என்றுதான் கேட்கிறேன்.

இந்தக் கேள்வி அன்றைக்கே சிலருக்கு உறைத்திருக்கிறது. 1901-ல் கொடைக்கானலில் ஹைகிளர்க் பள்ளி தொடங்கியது அதற்காகத்தான். பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பாமல், பெற்றோர் கோடையில் மலையேறி வந்து பார்க்கிற தூரத்திலாவது வைத்துக்கொள்ளலாம் என்று. 13 பிள்ளைகளோடு ஆரம்பித்த அந்தப் பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். விடுதி விடுதிதான், ஏங்குகிற பிள்ளை ஏங்கத்தான் செய்யும். ஆனாலும் பிள்ளையின் ஏக்கத்தை ஒரு செலவாகக் கணக்கில் எழுத வேண்டும் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியதிலிருந்து நாமும் மிஷனரி அனுப்புகிறவர்கள் ஆகிவிட்டோம். இன்று வடமாநிலப் பணித்தளத்தில் அப்பா அம்மா, தமிழ்நாட்டு விடுதியில் பிள்ளைகள். அவர்கள் 1901-ல் கேட்ட கேள்வியை நாம் இன்னும் மேடையில் கைதட்டி அமுக்கிக்கொண்டிருக்கிறோம்.

உடனே வசனத்தோடு வருவார்கள், தெரியும். லூக்கா 14:26. தகப்பனையும் தாயையும் மனைவி பிள்ளைகளையும் வெறுக்காதவன் சீஷனாக முடியாது என்ற இடம். அதே வசனத்தில் தன் உயிரையும் வெறுக்கச் சொல்லியிருக்கிறதே, அதற்காக யாராவது பிரஷர் மாத்திரையை நிறுத்தினார்களா? உயிர் என்றால் உவமையாக எடுத்துக்கொள்கிறோம், மனைவி என்றால் மட்டும் நேரடி அர்த்தம்!

மாற்கு 7-ஆம் அதிகாரத்தை ஏன் யாரும் எடுப்பதில்லை? பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு எப்படிக் கிழித்தார் என்று போய்ப் படியுங்கள். பக்தியின் பெயரில் வீட்டுக்கடமையைத் தள்ளுவதற்கு அவர் வைத்த பெயர் தியாகம் இல்லை. பேதுருவும் மற்ற அப்போஸ்தலர்களும் மனைவியைக் கூட்டிக்கொண்டே திரிந்தார்கள் என்பதற்கு 1 கொரிந்தியர் 9:5 இருக்கிறது. வீட்டை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி நடத்துவான் என்று 1 தீமோத்தேயு 3 கேட்கிறது. ஏலியின் பிள்ளைகள், சாமுவேலின் பிள்ளைகள் கதையையும் அதே வேதாகமம் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது. சிலுவையில் தொங்கிக்கொண்டு, உலகத்தின் பாவம் முழுக்கத் தோளில் இருக்கும்போதும் அம்மாவை யோவானிடம் ஒப்படைக்க அவருக்கு நேரம் இருந்தது. நம் ஆட்களுக்கு ஒரு போன் போட நேரமில்லை.

சரி, எங்கள் வீட்டுக்கு வருகிறேன். அப்பாவும் ஊழியக்காரர்தான். கீழ்மலைக் கிராமங்களுக்கு பைக்கில் போவார். மழையோ பனியோ நிற்க மாட்டார். போலி கிடையாது, காணிக்கையில் கை வைத்தது கிடையாது. அவரை நினைத்து எனக்குப் பெருமைதான். ஆனால் அம்மா? ஓய்வுநாள் பள்ளி அம்மா, பெண்கள் ஜெபக்குழு அம்மா, சாவு வீட்டுக்குச் சமையல் அம்மா. ராத்திரி ஒன்பது மணிக்கு நாலு பேர் வந்து நிற்பார்கள். "அக்கா, ஐயா இல்லையா? பரவாயில்ல, வர்ற வரைக்கும் இருக்கோம்." அவர்கள் இருக்கிறார்கள் என்றால் அம்மா மறுபடி உலை வைக்கிறார் என்று அர்த்தம். அப்பாவை அனுப்பிய ஸ்தாபனத்தின் ஆண்டறிக்கையில் ஊழியர் எண்ணிக்கை போடுவார்கள். அம்மா அந்த எண்ணிக்கையில் இல்லை. சம்பளப் பட்டியலிலும் இல்லை.

"ஊழியம்" என்ற சொல்லுக்கே ஒரு பழைய அர்த்தம் உண்டு. தெற்கே திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட சாதிகள் அரசாங்கத்துக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலைக்கு ஊழியம் என்றுதான் பெயர். ஞாயிற்றுக்கிழமையாவது கிறிஸ்தவர்களை அதிலிருந்து விடுங்கள் என்று 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் போராடி விலக்கு வாங்கினார்கள். எங்கள் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் அதிக வேலை.

நான் படிப்பது பி.காம். கணக்குப் பாடத்தில், செய்த வேலைக்குத் தராத கூலி "கொடுபட வேண்டிய கூலி" என்று இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புப் பக்கம் ஏறும். மறைத்தால் கணக்கே பொய். வணிகச் சட்டத்தில் இன்னொன்று படித்தேன். இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932, பிரிவு 30. இளவரை ஒரு நிறுவனத்தின் நன்மைகளில் மட்டும்தான் சேர்க்கலாம். அவருடைய பங்குக்கு மேல் நிறுவனத்தின் கடனுக்கு அவர் சொந்தப் பொறுப்பாளி ஆகமாட்டார். மேஜரான பிறகு, கூட்டாளியாகத் தொடர்வதா வேண்டாமா என்று முடிவுசெய்ய 6 மாதம் அவகாசம் உண்டு. மளிகைக்கடைக்காரர் பிள்ளைக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. போதகர் பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே நஷ்டத்தில் முழுப் பங்கு. முடிவெடுக்கும் அவகாசமும் கிடையாது. "ஐயா மகன் நீ, நீயும் ஊழியத்துக்கு வந்துரணும்" என்று ஞானஸ்நானம் கொடுத்த அன்றே எழுதிவிடுகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வரும். அப்பா வரலையா என்று டீச்சர் கேட்பார். "அப்பா ஊழியத்துக்குப் போயிருக்கார்." இந்தப் பதிலுக்கு மேல் யாரும் எதுவும் கேட்க முடியாது. துபாயில் அப்பா இருக்கும் பிள்ளை அழுதால் சமாதானம் செய்வார்கள். அப்பா குடிகாரர் என்றால் பரிதாபப்படுவார்கள். ஊழியக்காரர் பிள்ளை அழுதால் அது அவிசுவாசம். ஏங்குவதற்கே உரிமை இல்லாத ஏக்கம் எப்படி இருக்கும் என்று அந்தப் பேச்சாளரின் பையன் பெரியவனானதும் யாராவது கேட்டுப் பாருங்கள்.

அப்படியென்றால் யாரும் ஊழியத்துக்கே போகக்கூடாதா என்று கேட்பீர்கள். போகட்டும். தியாகம் செய்யட்டும். தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் காணிக்கை. மனைவியின் நகைப்பெட்டியிலிருந்து கேட்காமல் எடுத்துப் போட்டால் அதற்கு வேறு பெயர். நகைக்குப் பொருந்துவது அவள் இருபது வருடத்துக்கும், பிள்ளையின் சின்ன வயசுக்கும் பொருந்தாதா?

மிஷனரிகளை அனுப்பும் ஸ்தாபனங்கள் ஒன்று செய்யலாம். ஆண்டறிக்கையில் எத்தனை கிராமம், எத்தனை ஞானஸ்நானம் என்று போடும் பக்கத்திலேயே, ஊழியர் மனைவிக்கு இந்த வருடம் கொடுத்தது எவ்வளவு, விடுதியில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோரோடு இருந்த நாட்கள் எத்தனை என்று இரண்டு வரி சேர்க்கலாம். முகாம் நடத்துகிறவர்களும் மேடையில் அப்படி ஒரு சாட்சி வருகிறது என்று தெரிந்தால், ஐயாவிடமிருந்து மைக்கை வாங்கி அம்மாவிடம் பத்து நிமிடம் கொடுத்துப் பார்க்கலாம்.

பி.கு: கத்தோலிக்க நண்பன் ஒருவன் இதைப் படித்துவிட்டு, "இதுக்குத்தான் எங்க சாமியாருங்க கல்யாணமே பண்றதில்ல" என்றான். 1895-லிருந்து செண்பகனூரில் இயேசு சபையார் அப்படித்தான் இருக்கிறார்கள், அதில் ஒரு நேர்மை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நம் ஆட்கள் கல்யாணமும் செய்துகொண்டு செண்பகனூர் சாமியார் மாதிரி வாழப் பார்ப்பதுதான் எனக்குத் தகராறு.