ஸ்டாப்வாட்ச் பார்த்த பெண்

எங்க தெருப் பெண்ணுக்கு 12 வயசு. பாட்மின்டன் என்றால் சாப்பாடே வேண்டாம். போன மாசம் டீமுக்கு ஆள் எடுத்தபோது, ரெண்டு கோட்டுக்கு நடுவே முன்னும் பின்னுமாக ஓடவிட்டு ஸ்டாப்வாட்ச்சில் நேரம் பார்த்தார்களாம். இவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது, பெயர் வரவில்லை. "இவ விளையாட்டுக்கு லாயக்கில்லை அக்கா" என்று அவள் அம்மா என்னிடம் வந்து அழுதாள்.

பாட்மின்டனில் சட்டென்று திரும்பி ஓடவேண்டுமே, அந்தச் சோதனையைத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணிமை உள்பக்கம் வெளுத்திருந்தது எனக்கு உறுத்திற்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தால், ஹீமோகுளோபின் 9! அந்த வயசுக்கு 12-க்குக் குறையக்கூடாது, சகோதரிகளே. ரத்தமில்லாத உடம்பு எப்படி ஓடும்? இப்போது இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாள். கூடவே முருங்கைக்கீரை, நெல்லிக்காய். மாத்திரையோடு காபி, டீ மட்டும் கூடாது, சத்தைச் சேரவிடாது.

இன்னொன்று, இந்த வயசில் ஒருத்தி மளமளவென்று வளர்ந்திருப்பாள், பக்கத்து பெஞ்சுக்காரி குழந்தையாகவே இருப்பாள். ஸ்டாப்வாட்ச்சுக்கு அது தெரியுமா?

நம்ம காஞ்சிபுரத்து துளசிமதி முருகேசனுக்குப் பிறவியிலேயே இடது கையில் குறை. கையைப் பார்த்து "லாயக்கில்லை" என்று வீட்டில் உட்கார வைக்காமல் அப்பாவே பழக்கினார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் அந்தப் பெண் பாட்மின்டனில் வெள்ளி வாங்கினாள். இதை அந்த அம்மாவிடம் சொன்னேன், மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள்.

மறுபடி ரத்தம் பார்க்க இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை சாயங்காலம் எங்க வாசலில்தான் ஆட்டம்.