நிலத்தில படுத்தாத்தான் கேம்பிங்காம்!

"மெத்தை வேணும்னா வீட்டிலயே இருந்திருக்கலாமே மச்சான்."

2025 பெப்ரவரி. நக்கிள்ஸ், கோர்பட்ஸ் கேப் பக்கம். அனுமதி எடுத்து, கூடாரம் அடிச்சு முடிச்சு, எல்லாருடைய கையிலயும் தேத்தண்ணி இருக்கிற நேரம். நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "கீழ விரிக்க என்ன கொண்டு வந்திருக்கோம்?" அதுக்குக் கிடைச்ச பதில்தான் மேல இருக்கிறது. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். அன்றைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது.

எட்டுப் பேர் போனோம். ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, ஆளுக்கொரு பெட்ஷீட், வாடகைக்கு எடுத்த ரெண்டு ஸ்லீப்பிங் பேக், ஒரு காற்று மெத்தை. அந்தக் காற்று மெத்தையை வாங்கியவன் யூடியூபில பாலைவன கேம்பிங் வீடியோ பார்த்து வாங்கினவன். 'சொகுசா தூங்க ஐந்து வழிகள்' மாதிரி ஒன்று. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தக் கூடாரங்களுக்குள்ள தூங்கின ஆள் ஒருத்தர்கூட இல்லை. காற்று மெத்தைக்காரன்தான் எல்லாரையும்விட அதிகமா நடுங்கினான். ஆனா ஒருத்தரும் வாயைத் திறக்கல. விடிஞ்சதும் ஸ்டேட்டஸ் போட்டாங்க: 'வாழ்க்கையில மறக்க முடியாத தூக்கம்'.

தூங்காத உடம்போட மலை இறங்கினோம். ஒருத்தி வழுக்கி விழுந்து கையில சிராய்ப்பு. அடுத்த பயணத்துக்கு ரெண்டு பெண்கள் வரமாட்டோம்னு சொல்லிட்டாங்க. "அவங்களுக்கு இதெல்லாம் சரிவராது" என்று பசங்க முடிவு பண்ணினாங்க. சரிவராதது அவங்களுக்கா, நம்ம விரிப்புக்கா என்று யாரும் கேட்கல.

குளிரைத் தாங்குறதுதான் கேம்பிங், வசதி தேடுறவன் சுற்றுலாப் பயணி என்கிற இந்தப் பேச்சு வெறும் வாய்வீச்சு. இதைப் பேசுறவன் எல்லாருக்கும் வீட்டில கட்டில் இருக்கு. நாளைக்குப் போய் அதில படுப்பான். அதனாலதான் இன்றைக்குத் தரையைப் புகழ முடியுது.

முதல்ல அந்தக் காற்று மெத்தை விஷயத்தை முடிச்சிடுவோம். குளிர் மேல இருந்துதான் வருதுன்னு நினைச்சுப் போர்வையை அடுக்குறோம். நம்ம உடம்புச் சூட்டைத் தொடர்ந்து உறிஞ்சுறது கீழ இருக்கிற நிலம். ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு தடிப்பா இருந்தாலும், நம்ம பாரத்தில முதுகுப் பக்கம் நசுங்கிப் போயிடும். நசுங்கினா அதுக்குள்ள காற்று நிக்காது, காற்று நிக்காட்டி சூடும் நிக்காது. அப்போ காற்று மெத்தை ஏன் உதவல? அதுக்குள்ள இருக்கிறது ஒரே பெரிய காற்றுப் பை. உடம்புப் பக்கம் சூடாகிற காற்றும் நிலத்துப் பக்கம் குளிருற காற்றும் உள்ளுக்குள்ளயே சுத்திக்கிட்டு, நம்ம சூட்டை மண்ணுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். முதுகுக்கு மெதுமெதுன்னு இருக்கும், ஆனா குளிரும். அங்குல மொத்தம்கூட இல்லாத போம் விரிப்பு இதைவிட நல்ல வேலை செய்யும். அதுக்குள்ள காற்று சின்னச் சின்ன குமிழா அடைபட்டு, அசையாம இருக்கும்.

இதை அளக்க ஒரு கணக்கும் இருக்கு. விரிப்புகளில 'ஆர்' மதிப்புன்னு போட்டிருப்பாங்க. 2018ல வந்த ஏஎஸ்டிஎம் தரத்துக்குப் பிறகு பெரிய கம்பனிகள் எல்லாம் ஒரே முறையில அளக்கிறாங்க. எண் கூடக் கூட நிலத்துக்குப் போற சூடு குறையும். ரெண்டு விரிப்பை ஒன்றன்மேல் ஒன்றா போட்டா ரெண்டு எண்ணையும் கூட்டிக்கலாம். சாதாரண போம் விரிப்புக்கு 2 அளவில வரும். உள்ளே ஒன்றும் இல்லாத காற்று மெத்தைக்கு 1 வந்தாலே பெரிசு.

சரி, பாலைவனத்துக்காவது அந்த வீடியோ பொருந்துமா? இதுக்குப் பதில் என் மாமாகிட்ட இருக்கு. குவைத்தில ஒரு வீட்டில டிரைவரா இருந்தவர். அங்க நவம்பர் நடுவில இருந்து மார்ச் நடுவரைக்கும் பாலைவனத்தில கூடாரம் அடிக்கிற காலம். குடும்பம் குடும்பமா போவாங்க. போறதுக்கு முந்தின நாளே மாமா போயிடணும். விரிக்கிற வேலை அவருடையது. முதல்ல தார்ப்பாய். அதுக்கு மேல தடிச்ச கம்பளங்கள், ஒன்றன்மேல் ஒன்றா. அதுக்கு மேல மெத்தைகள். மேல போர்க்கிற போர்வை ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி பாரம் என்பார். மேகமில்லாத வானம், ஈரமில்லாத காற்று. பகல்ல குடிச்ச சூட்டை எல்லாம் மணல் ராத்திரியில விட்டுடும். ஜனவரியில 5 பாகைக்கும் கீழ இறங்குற இரவுகள் உண்டு. "பகல்ல சட்டி, ராத்திரி ஐஸ்பெட்டி" என்பது மாமாவுடைய கணக்கு. தலைமுறை தலைமுறையா பாலைவனத்தில இருக்கிறவங்க கீழதான் அதிகமா அடுக்குறாங்க. அவங்களைப் பார்த்து யாரும் 'வீட்டிலயே இருந்திருக்கலாமே' என்று சொல்றதில்லை.

மாமா படுத்தது எதில? தண்ணிப் போத்தல் வந்த அட்டைப் பெட்டிகளைப் பிரிச்சுப் போட்டு, அதுக்கு மேல ஒரு பழைய விரிப்பு. அட்டையும் அடைபட்ட காற்றுதான். 'ஆர்' மதிப்புன்னு அவர் கேள்விப்பட்டதே இல்லை.

இங்கதான் பசங்க தங்களுடைய பெரிய ஆயுதத்தை எடுப்பாங்க. "நம்ம ஆளுங்க காலங்காலமா தரையில பாய் போட்டுத்தான் படுத்தாங்க. மெத்தை எல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பாய் வெக்கை ஊருக்கான கண்டுபிடிப்பு. மட்டக்களப்பிலயும் யாழ்ப்பாணத்திலயும் அது சொர்க்கம், ஏன்னா அங்க தரை குளிர்ச்சியா இருக்கணும்னு நாம விரும்புறோம். மலையில அது வெறும் ஓட்டை.

என் அம்மாயி லயத்துக் காம்பிராவில, சிமெந்துத் தரையில படுத்தவ. அவ வெறும் பாயில படுக்கல. சாக்குக்குள்ள காய்ந்த மானாப்புல்லைத் திணிச்சுத் தைச்சு, அதுக்கு மேல பாய், அதுக்கு மேல பழைய சேலை, போர்க்கக் கம்பளி. அந்தக் கம்பளிக்கும் சம்பளத்தில காசு வெட்டினாங்கன்னு சொல்லுவா. "தரைக் குளிர் எலும்புக்குள்ள போயிட்டா வெளிய வராது புள்ள" என்பா. தரையில படுத்ததை ஒரு நாளும் அவ பெருமையாச் சொன்னதில்லை. வாய்ப்பு இருந்திருந்தா முதல்ல கட்டில் வாங்கியிருப்பா. பெரியம்மா வாங்கிக் கொடுத்தப்போ வாங்கிக்கிட்டா, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கல. அவளுடைய வறுமையை எடுத்து நம்ம வீரத்துக்கு மாலையா போடுறதுக்கு யாருக்கும் உரிமை இல்லை.

(மானாப்புல் யோசனை நல்லா இருக்கேன்னு நக்கிள்ஸில போய் வெட்டிடாதீங்க. அது பாதுகாக்கப்பட்ட காடு.)

"தூக்க முடியாது, காசும் இல்லை" என்கிற வாதம் மட்டும் மதிக்கத்தக்கது. நாங்களும் மகாபொல காசில ஓடுறவங்கதான். ஆனா போம் விரிப்பு ஒன்று அரைக் கிலோவுக்கும் குறைவு. பையின் வெளிப்பக்கம் கட்டிக்கலாம், பஞ்சர் ஆகாது. யோகா விரிப்பு பாரம் கூட, ஆனா ஒன்றும் இல்லாததுக்கு மேல். இருக்கிற காசு கொஞ்சம்னா அதை முதல்ல கீழ விரிக்கிறதுக்குப் போடுங்க, பிறகு மேல போர்க்கிறதுக்கு. ஸ்லீப்பிங் பேக் எடுக்கிறப்போ ஒரு விஷயம்: பாலைவன ஆலோசனைகளில இறகு அடைச்சதைத்தான் புகழுவாங்க. காய்ந்த காற்றுக்கு அது சரி. நம்ம மலையில மூடுபனி கூடாரத்துக்குள்ளயே வந்து நிக்கும், நம்ம மூச்சும் துணியில படிஞ்சு சொட்டும். இறகு நனைஞ்சா சப்பையாகிடும். செயற்கைப் பஞ்சுதான் நமக்கு. பருத்திப் பெட்ஷீட்டை உடம்போட ஒட்டப் போர்த்திட்டு ஈரமானா, அது குளிரைக் கட்டிப்பிடிச்ச மாதிரி.

இன்னொன்று, இதை எழுதாம விட முடியாது. பேக்கில '5 பாகை' என்று போட்டிருக்கிறதைப் பார்த்து ஏமாறாதீங்க. சர்வதேசத் தரப்படி மூன்று எண்கள் இருக்கு. 'வசதி' எண் ஒரு சராசரிப் பெண் தளர்வாப் படுத்துத் தூங்கக்கூடிய வெப்பநிலை. 'எல்லை' எண் ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கிற வெப்பநிலை. மூன்றாவது எண்ணில தூக்கமே கணக்கில இல்லை, உயிர் தப்புறதுதான் கணக்கு. கடைக்காரர் பெரிசா எழுதி வைக்கிறது பெரும்பாலும் வசதி எண்ணை இல்லை. அதாவது ஒரே கூடாரத்தில, ஒரே பேக்கில, பெண்களுக்குக் கூடக் குளிரும் என்கிறது தரநிர்ணயத்திலயே எழுதியிருக்கு. 'அவங்களுக்கு இதெல்லாம் சரிவராது' என்று சொன்ன பசங்க இதை ஒருக்கா வாசிக்கட்டும்.

ஒரு கேம்பிங் விரிப்புக்கு இவ்வளவு கோபமான்னு கேட்பீங்க. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்து, கண்டி மாவட்டத்தில மலைகள் சரிஞ்சு, சனம் பாடசாலை மண்டபங்களில படுத்தப்போ நாங்களும் சாமான் சேர்த்தோம். அதே எட்டுப் பேர்தான் முன்னுக்கு நின்றோம். மூட்டை மூட்டையா பெட்ஷீட், போர்வை, சுவெட்டர். மலையில எத்தனையோ ராத்திரி படுத்த 'அனுபவசாலிகள்' எழுதின பட்டியலில கீழ விரிக்க ஒரு சாமான்கூட இருக்கல. நக்கிள்ஸில குளிர்ந்ததை ஒத்துக்கிட்டிருந்தா, அந்த மண்டபத்துச் சிமெந்துத் தரை எப்படி இருக்கும்னு எங்களுக்குத்தான் முதல்ல தெரிஞ்சிருக்கணும்.

போர்வையைக் கையில வாங்கின ஒரு பாட்டி, அம்மாயி வயசு இருக்கும், மெதுவாக் கேட்டா: "போத்திக்க இருக்கு புள்ள. கீழ போட ஏதாச்சும் இருக்கா?"

அடுத்த நாள் டவுனில கடை கடையா ஏறி, பிரிஜ் வந்த பெட்டி, டீவி வந்த பெட்டின்னு அட்டை சேர்த்தோம். தோளில சுமந்துக்கிட்டு வந்து மண்டபத்தில விரிச்சவங்களில, அன்றைக்கு 'வீட்டிலயே இருந்திருக்கலாமே' என்று கேட்ட மச்சானும் ஒருத்தன். அந்தப் பாட்டிக்கு விரிச்சுட்டு, தானே ஒருக்கா படுத்துப் பார்த்தான். எழும்பி, "இன்னும் ஒரு அட்டை போடுவோமா பாட்டி?" என்று கேட்டுட்டு, பதிலுக்கு நிக்காம எடுக்கப் போனான்.