கோப்பைக்கு ஓர் அளவு, உடலுக்கு?

கண்டிச் சீமையின் லூல்கந்துரையில் 1867இல் தொடங்கிய தேயிலைச் செய்கைக்கு இன்று கடல் கடந்த நாடுகளே அளவுகோல் விதிக்கின்றன. 2015இல் இலங்கை கிளைபோசேட் களைகொல்லியைத் தடைசெய்தது. மாற்றாக விசிறிய மருந்தின் எச்சம் தேயிலையில் மிகுந்ததென யப்பான் முறையிட்டது. தோட்டக் கம்பனிகளின் முறையீடும் சேர, 2018இல் தேயிலைக்கு அத்தடை தளர்ந்தது. வாங்குவோன் குரலுக்குத்தான் எத்துணை வலிமை!

ஆயின், மருந்துத் தாங்கியை முதுகிற் சுமந்து மலைச்சரிவில் விசிறுபவனின் நெஞ்சிற் புகுந்த எச்சம் எவ்வளவென எந்த நாடு வினவிற்று? பொதியிற் பதித்த சான்று முத்திரைகள் கையுறை, முகமூடி பற்றிப் பேசுகின்றனவே என்பர். பேசட்டும். இலையில் நஞ்சு மிகின் சரக்குத் திரும்பும். தொழிலாளி நோயுறின் எச்சரக்கும் திரும்புவதில்லை. இலையைச் சோதிப்போர் விசிறுபவனின் குருதியையும் ஆண்டுதோறும் சோதிக்கட்டும். அச்செலவைப் பருகும் நாடுகளே ஏற்கட்டும்.