பழைய பெயர் எங்கே போகிறது?

சாட்சி சொன்னவரின் உயிருக்கு ஆபத்து என்றால் அவருக்கு வேறு பெயர், வேறு தொழில், வேறு பெற்றோர் பெயர்கூடக் கொடுத்து, அரசு அலுவலகங்கள் ஏற்கும் ஆவணங்களோடு வேறோர் ஊரில் குடியமர்த்தலாம். இந்தியாவில் இதற்கு வழி செய்தது 2018 ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம். சாமியார் ஆசாராம் மீதான வழக்குகளின் சாட்சிகள் தாக்கப்பட்டும் கொல்லப்பட்டும் வந்த பின்னணியில் தொடரப்பட்டது மகேந்தர் சாவ்லா வழக்கு. அவ்வழக்கில் அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் இத்திட்டத்துக்குச் சட்டத்தின் வலிமையைத் தந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398 ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு திட்டத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது.

இந்த வாரம் இத்திட்டத்தைப் பத்திக்கு இழுத்துவந்தது ஓர் எரிச்சல். எங்கே பேச்செடுத்தாலும் அது புதிய பெயரில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. கழற்றிப் போட்ட பழைய பெயர் என்ன ஆகிறது என்று கேட்பார் இல்லை.

புதிய பெயரே நம் ஊர்களில் எளிதல்ல என்பது வேறு விஷயம். குடிவருபவரிடம் வீட்டுக்காரர் ஆதார் நகல் கேட்பதற்கு முன்பே, எதிர்வீட்டு அம்மா ‘சொந்த ஊர் எது?’ என்று கேட்டுவிடுவார். அதற்கு அடுத்த கேள்வி வகையறாவைப் பற்றியது. தகப்பன் பெயர் மாறினால் இனிஷியல் மாறும். இனிஷியல் மாறினால் ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பிள்ளையின் டி.சி. எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். இதை உணர்ந்துதான், புதிய அடையாளத்தால் சாட்சி தன் கல்வி, தொழில், சொத்து உரிமைகளை இழக்கக் கூடாது என்று 2018 திட்டம் சொல்கிறது. நல்ல விதி. ஆனால் அது சாட்சியின் உரிமைகளைப் பற்றிய விதி. பழைய பெயரை நம்பி இருந்த மற்றவர்களைப் பற்றியது அல்ல.

அந்த மற்றவர்களை அமெரிக்கா தாமதமாகத்தான் கண்டுகொண்டது. அங்கே இந்த ஏற்பாடு 1970 ஆம் ஆண்டின் சட்டத்தில் வேரூன்றியது. நீதித்துறை வழக்கறிஞர் ஜெரால்டு ஷுர் வடிவமைத்தார், யு.எஸ். மார்ஷல்கள் நடத்துகிறார்கள். குடும்பத்தினரையும் சேர்த்து 19,000 பேருக்குமேல் இதில் இடம்பெயர்ந்திருக்கிறார்கள். முதற்பெயரையோ பெயரின் முதலெழுத்துகளையோ மாற்றாமல் வைத்துக்கொள்ளும்படி அங்கே அறிவுறுத்துவது வழக்கம். தெருவில் கூப்பிட்டால் தலை தானாகத் திரும்பும், கையெழுத்தும் தடுமாறாது.

ஏற்பாடு சட்டமாவதற்கு முன்பே, 1960களில், பஃபலோ நகரத் தொழிலாளி ஒருவரின் குழந்தைகள் திடீரென்று காணாமல் போனார்கள். அவரைப் பிரிந்த மனைவி புதிதாகச் சேர்ந்து வாழ்ந்த மனிதர் மாஃபியாவுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். மொத்தக் குடும்பத்தையும் அரசே பெயர் மாற்றி எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டது. தகப்பன் பல ஆண்டுகள் அலைந்தார். ஜேம்ஸ் கான் இயக்கி நடித்து 1980 இல் வெளிவந்த ‘ஹைட் இன் ப்ளெய்ன் சைட்’ இந்தக் கதைதான். 1984 இல் சட்டம் திருத்தப்பட்டது. பிரிந்த பெற்றோரின் உரிமை, நீதிமன்றம் தீர்ப்பளித்த கடன், பாதுகாக்கப்பட்ட சாட்சி புதிதாகக் குற்றம் செய்தால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு, எல்லாம் அப்போதுதான் உள்ளே வந்தன.

இதே கேள்வியை 1862 இலேயே ஒரு நாவல் முழு வலிமையோடு கேட்டுவிட்டது. விக்டர் ஹியூகோவின் ‘லே மிசராப்’. யோகி சுத்தானந்த பாரதியார் அதை ‘ஏழை படும் பாடு’ என்று தமிழாக்கியதும், 1950 இல் நாகையா நடிக்க கே. ராம்நாத் அதைப் படமாக்கியதும், அதில் இன்ஸ்பெக்டர் ஜாவராக வந்த சீதாராமன் அதன்பின் ஆயுள் முழுக்க ‘ஜாவர் சீதாராமன்’ ஆகிவிட்டதும் இப்பத்தியின் வாசகர்களுக்குப் பழைய செய்திகள். நாவல்கள் எழுதிய பிறகும், ‘பட்டணத்தில் பூதம்’ படத்தில் பூதமாகவே நடித்த பிறகும் அந்தப் போலீஸ்காரரின் பெயர் அவரை விடவில்லை.

இந்த நாவலுக்குப் பள்ளிக்கூடங்களில் நடந்த அநியாயத்தையும் மறுபடி சொல்லத்தான் வேண்டும். நார்மன் மெக்கின்னல் எழுதிய ‘தி பிஷப்ஸ் கேண்டில்ஸ்டிக்ஸ்’ என்ற ஓரங்க நாடகம் ஆங்கிலப் பாடமாக வந்து, பல தலைமுறை மாணவர்களுக்கு ழான் வல்ழான் என்றால் வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளைப் பெற்றுத் திருந்திய திருடன் என்று மட்டுமே பதிய வைத்துவிட்டது. திருந்தியதோடு கதை முடிவதில்லை. அங்கேதான் தொடங்குகிறது.

ரொட்டி திருடியதற்கு ஐந்தாண்டு, தப்பியோட முயன்றதற்கெல்லாம் சேர்த்து மொத்தம் பத்தொன்பது ஆண்டு சிறையிருந்தவன் வல்ழான். விடுதலையானவன் கையில் மஞ்சள் நிறப் பாஸ்போர்ட். போகும் ஊர்தோறும் அதைக் காட்டியாக வேண்டும், காட்டினால் சத்திரத்தில் இடமில்லை. 1815 டிசம்பரில் மோன்த்ரேய்-சுர்-மேர் என்ற சிற்றூருக்கு வருகிறான். வந்த அன்று மாலை அங்கே தீப்பிடித்த கட்டடத்தில் புகுந்து இரண்டு குழந்தைகளைக் காப்பாற்றுகிறான். அவர்கள் அவ்வூர்க் காவல்படைத் தலைவரின் பிள்ளைகள். அந்தப் பரபரப்பில் அவனிடம் பாஸ்போர்ட் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மதலேன் என்ற பெயர் ஊரில் நிலைத்தது இப்படித்தான். கறுப்பு மணி நகைகள் செய்வது அவ்வூர்த் தொழில். மணி ஒட்டப் பிசினுக்குப் பதில் அரக்கைப் பயன்படுத்தி அவன் செலவைக் குறைக்கிறான். ஆலை வளர்கிறது, ஊர் வளர்கிறது, 1820 இல் அவர் மேயர். ஒருமை பன்மையாகிவிட்டது.

ஜாவருக்கு மட்டும் சந்தேகம். வண்டிக்கடியில் சிக்கிய ஃபோஷ்லவான் என்ற கிழவரை மீட்க மேயர் அந்த வண்டியை முதுகால் தூக்கியதைப் பார்த்தவர் அவர். அந்தப் பலம் வல்ழான் இருந்த தூலோன் சிறையில் ஒரே ஒருவனுக்குத்தான் இருந்தது. ஆனால் மேயரைச் சிக்கவைத்தது ஜாவரின் கண் அல்ல. ஆப்பிள் கிளையைத் திருடியதாக ஷான்மத்தியு என்ற ஏழைக் கிழவர் பிடிபடுகிறார். இவர்தான் வல்ழான் என்று பழைய கைதிகள் அடித்துச் சொல்கிறார்கள். வல்ழான் என்றால் மறுபடி குற்றம் செய்தவன். ஆயுள் முழுக்கச் சிறை. வல்ழான் உதறிய பெயர் வெறுமனே கிடக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத, தன் பக்கம் பேச யாருமில்லாத ஒருவர் தலையில் போய் இறங்கிவிட்டது.

இதைக் கேள்விப்பட்ட மேயர் கழித்த இரவை ஹியூகோ நீண்ட அத்தியாயமாக எழுதியிருக்கிறார். சும்மா இருந்தால் போதும், பழைய பெயர் இன்னொருவரோடு சிறைக்குள் போய் என்றென்றைக்கும் தொலைந்துவிடும். வாய் திறந்தால் ஆலை, தொழிலாளர்கள், நோயில் கிடக்கும் ஃபான்தீன் என்ற பெண், அவளுடைய குழந்தை கொசெத் எல்லாமே கெடும். இரண்டு பக்கமும் அப்பாவிகள் நிற்கும் தராசு அது. மேயர் அராஸ் நகர நீதிமன்றத்துக்குப் போய்த் தானே வல்ழான் என்கிறார். யாரும் நம்புவதில்லை, மேயருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைக்கிறார்கள். அப்போது சாட்சி சொன்ன கைதிகளுக்கு மட்டுமே தெரிந்தவற்றைச் சொல்கிறார். ஒருவன் சிறையில் போட்டிருந்த கட்டம்போட்ட தோள்பட்டி, இன்னொருவன் சூடுபட்ட தோள், மூன்றாமவன் கையில் பச்சை குத்திய தேதி. நற்சான்றுகள் எத்தனையோ இருந்த மனிதர், தன்னைக் குற்றவாளி என்று நிரூபிக்கச் சிறை நினைவுகளைத் தேட வேண்டியிருந்தது.

அதன்பின் ஊரின் ஆலைகள் நின்றன, தொழிலாளர்கள் சிதறினார்கள். நியாயத்துக்கும் விலை உண்டு என்பதை ஹியூகோ மறைக்கவில்லை. அந்த நேர்மைதான் இந்த நாவலை மறுபடி மறுபடி எடுக்கச் செய்கிறது.

பாரிஸில் வல்ழானுக்கு மூன்றாவது வாழ்க்கை. வண்டியடியிலிருந்து காப்பாற்றிய அதே கிழவர் தன் தம்பி என்று சொல்லிப் பெயர் கொடுக்கிறார். இந்த முறை பெயர் ஒருவர் மனமுவந்து தந்தது. ஆனாலும் வளர்ப்பு மகள் கொசெத்தின் திருமணம் நெருங்கும்போது, வல்ழான் வலது கட்டைவிரல் நசுங்கிவிட்டதாகச் சொல்லிக் கையைத் துணித்தூளியில் தொங்கவிட்டுக்கொள்கிறார். காயம் ஏதும் இல்லை. தந்தை இடத்தில் கையெழுத்திட்டால் அந்த ஆவணத்தில் ஒரு பொய்ப்பெயர் ஏறும்; நாளைக்கு அவளுடைய திருமணத்தையே அது கேள்விக்குள்ளாக்கலாம். அவருக்குப் பதில் மாப்பிள்ளையின் தாத்தா கையெழுத்திடுகிறார். திருமணத்துக்கு மறுநாள், யாரும் கேட்காமலே, மாப்பிள்ளை மரியூஸிடம் வல்ழான் தன் பெயரைச் சொல்கிறார்.