பெயர் கேட்டேன், வாயைப் பார்க்கவில்லை

போன ஆண்டு பள்ளி விடுமுறையில் அக்காள் மகனுக்கு ஒரு மீன் வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் ஏற்கெனவே உப்புநீர்த் தொட்டி இருந்தது. கடையில் எத்தனையோ மீன்கள் இருந்தும் அவன் விரல் ஒன்றின்மேல்தான் நின்றது. வெள்ளி உடல், செம்பு நிறப் பட்டைகள், இடுக்கி போல நீண்ட மூக்கு. "பட்டர்ஃபிளை" என்றார் கடைக்காரர். வேறெதையும் நான் கேட்கவில்லை.

போட்ட தீனியை அது தொடவே இல்லை. "மாமா, அதுக்குப் பசிக்காதா?" என்று தினமும் போன் வந்தது. பன்னிரண்டாம் நாள் மீன் செத்துப்போனது. அவன் அழவில்லை. "நாம ஏதோ தப்பு பண்ணிட்டோம்ல?" என்று மட்டும் கேட்டான்.

அதன் பிறகுதான் முழுப் பெயரைத் தேடினேன். காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளைஃபிஷ். அறிவியல் பெயர் கெல்மன் ராஸ்ட்ராட்டஸ். பின்பாதிக்கு 'அலகுள்ளது' என்று பொருள். பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும் புழுக்களையும் சின்னஞ்சிறு உயிர்களையும் கொத்தி எடுப்பதற்காகவே அமைந்த வாய் அது. மிதக்கும் தீனியைப் பல மீன்கள் உணவாகவே ஏற்பதில்லை. தொட்டிகளில் பட்டினி கிடந்து சாவதில் பேர்போன மீன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. இது எங்கோ தூரதேசத்து மீன் அல்ல. சிங்கப்பூரின் தென் தீவுகளில் வாழும் நம் அண்டைவீட்டுக்காரர். நம் கலங்கல் நீரையும் தாங்கிக்கொள்ளும்.

அடையாளம் காண்பது எளிது. முதலில் மூக்கைப் பாருங்கள். அடுத்து, முதுகுத் துடுப்பின் பின்பகுதியில் ஒரு கரும்பொட்டு. அது பொய்க்கண். உண்மையான கண்ணைச் செம்புப் பட்டை ஒன்று மறைத்துவிடும். தாக்க வரும் மீன் தலை எது, வால் எது என்று குழம்பவே இந்த ஏற்பாடு என்பது பொதுவான விளக்கம். தனியாகவோ சோடியாகவோ திரியும். சுமார் 20 சென்டிமீட்டர் வரை வளரும்.

இதே கடலில் இன்னொரு பட்டாம்பூச்சி மீனும் உண்டு. உடலில் எட்டு மெல்லிய கறுப்புக் கோடுகள், குட்டையான வாய். அது உயிருள்ள பவளத்தையே மேய்வது. பவளம் செத்தால் அதற்குச் சோறு இல்லை. குடும்பம் ஒன்றுதான், வாய் வேறு, சாப்பாடு வேறு, குடியிருக்கும் இடமும் அதற்கேற்ப வேறு. ஒரு மீனை அடையாளம் காண்பது என்றால் இது மூன்றையும் சேர்த்துத் தெரிந்துகொள்வதுதான்.

அந்தக் குடியிருப்பில் நாம் நிறையவே இழந்துவிட்டோம். சிங்கப்பூரின் பவளப்பாறைகளில் பாதிக்கும் மேல் நில மீட்பில் மறைந்துவிட்டன. எஞ்சியதைக் காக்கத்தான் 2014ல் சிஸ்டர்ஸ் தீவுகள் முதல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 100,000 பவளங்களை நடும் திட்டமும் 2024 டிசம்பரில் தொடங்கியிருக்கிறது.

அண்மையில் ஒரு சனிக்கிழமை மரினா சவுத் பியரில் படகேறி மருமகனை அங்கே கூட்டிச் சென்றேன். படகுத்துறையில் நின்று அரைமணி நேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தோம். நீர் கலங்கலாக இருந்தது. எனக்கு எதுவும் தெரியவில்லை. கிளம்பலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"மாமா, தூணுகிட்ட பாருங்க! கொத்துது!"

செம்புப் பட்டை ஒருமுறை மின்னியது. தூணில் ஒட்டியிருந்த எதையோ அந்த நீண்ட வாய் தேடிக்கொண்டிருந்தது.

"இதுக்கு மட்டும் பசிக்குது," என்றான்.

வீட்டுத் தொட்டியில் இப்போது இரண்டு கோமாளி மீன்கள். என்ன சாப்பிடும் என்று இந்தமுறை அவன்தான் கடைக்காரரிடம் முதலில் கேட்டான்.