சோல்பரி பிரபுவின் காலங்கடந்த வருத்தம்

வைலே நகரின் பாடசாலைகளில் பயிலும் தமிழ்ப் பிள்ளைகள் பெற்றோரிடம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுண்டு: இலங்கையைக் கையளித்துச் சென்ற ஆங்கிலேயருக்கு, பின்னர் நிகழப்போவது தெரியவில்லையா?

விடையைச் சோல்பரி பிரபுவே தந்துள்ளார். 1944-45இல் யாப்பு ஆணைக்குழுவுக்குத் தலைமை வகித்தவர் அவர். ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையை அக்குழு நிராகரித்தது. ஓர் இனத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தைத் தடுக்கும் ஏற்பாடு யாப்பில் இருந்தால் போதுமென நம்பியது.

1948இல் சுதந்திரம் கிடைத்தது. அவ்வாண்டே நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. அந்த 1949இல்தான் சோல்பரி மகாதேசாதிபதியாகக் கொழும்பு வந்தார், 1954வரை இருந்தார். அவர் கண்முன்னேயே, 1953இல், இலண்டன் பிரிவிக் கவுன்சில் அச்சட்டத்தைச் செல்லுபடியாக்கியது. பழகிய தலைவர்களின் பண்பையே நிர்வாகத்துக்கு உத்தரவாதமாகக் கொண்டது பெரும்பிழை. 1956இல் தனிச்சிங்களச் சட்டம், 1958இல் இனக்கலவரம். 1963இல், பாமர் என்பவரின் நூலுக்கு எழுதிய முன்னுரையில், அடிப்படை உரிமைகளுக்கு யாப்பில் காப்பீடு பரிந்துரைக்காமை குறித்துச் சோல்பரி வருந்தினார். நேர்மையான வருத்தமே; எனினும் நாடற்றவருக்கு அதனால் பயனில்லை.

காப்பீடு என்றால் என்னவென்பதை டென்மார்க்கிலேயே காணலாம். 1987இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு மனுக்களைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கிடப்பிலிடச் செய்தார். அது 1993இல் ஓர் அரசாங்கத்தையே பதவி விலக வைத்தது. 1995இல் அவர் அமைச்சர்களை விசாரிக்கும் உயர்மன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டார். அந்நாட்களில் மனைவி மக்களுக்காகக் காத்திருந்த தந்தையர், இவ்விரு கதைகளையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லலாம்.