வால்வு எங்கே இருக்கிறது?

வெயிலுக்குப் பேர்போன டெக்ஸாஸில் 2021 பிப்ரவரியில் உறைபனி வந்து உட்கார்ந்துகொண்டது. பல லட்சம் வீடுகளில் மின்சாரம் போயிற்று. தண்ணீர்க் குழாய்கள் வெடித்தன. உஷ்ணத்தையே நினைத்துக் கட்டிய அவ்வூர் வீடுகளில் குழாய்கள் கூரையடிப் பரண் வழியாகப் போவது சகஜம். கேட்கவா வேண்டும்!

தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரிவடைகிறது. வேடிக்கை என்னவென்றால், பனிக்கட்டி அடைத்த இடத்திலேயே குழாய் வெடிப்பது குறைவு. அந்த அடைப்புக்கும் மூடிய திருகுக்கும் நடுவே சிக்கிய தண்ணீர்தான் நெருக்குண்டு குழாயைப் பிளக்கிறது. கடுங்குளிர் இரவில் திருகைச் சற்றே திறந்து சொட்டவிடச் சொல்வது இதனால்தான். சிக்கனக்காரர்களுக்கு மனம் வராது. ஆனாலும் அது வீண் அல்ல.

ஆனால் ஊர்க் குழாயிலேயே அழுத்தம் குறைந்தபோது, சொட்டவிட வேண்டாமென்று ஹூஸ்டன் நகர நிர்வாகம் கேட்டுக்கொண்டது. அப்போது செய்யத்தக்கது, வீட்டுக்குள் தண்ணீர் வரும் வால்வை அடைத்துவிட்டுக் குழாய்களை வடித்துவிடுவதுதான். அந்த வால்வு எங்கே என்று வீட்டுக்காரருக்கே தெரியாவிட்டால்? கூரை ஒழுகும்போது டார்ச் விளக்குடன் தேடுவதா? நவம்பரிலேயே குழந்தைகள் உட்பட எல்லாருக்கும் காட்டிவைக்க வேண்டும். துருப்பிடித்துத் திரும்ப மறுத்தால் அன்றைக்கே பிளம்பரைக் கூப்பிடுவது நல்லது. உறைபனி வந்த பின் அவர் அகப்படமாட்டார்.